மண்டிப் பேச்சு: ரெண்டாவது ரோடு இருக்கா?

போன இதழ்ல தக்காளியை ரோட்டோரம் கொட்டி வச்ச போட்டோ ஒண்ணு போட்டிருந்தோம்ல, அதைப் பார்த்துட்டு வந்த கேள்விங்க எக்கச்சக்கம். இந்த வாரம் பூரா அதே பேச்சுத்தான். இருபத்தாறு வருஷம் ஒட்டன்சத்திரத்துல லாரி புக்கிங் பார்த்தவன் நான், படிச்ச மனுஷன் மாதிரி பதில் வராது, அதை மட்டும் மனசுல வச்சுக்கங்க.

உடுமலைப்பேட்டை பக்கத்துலேர்ந்து தக்காளி போடுற ஒரு வாசகர்: ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தாங்க, ரெண்டு மணி நேரம் "சப்ளை செயின் ரெசிலியன்ஸ்"னு பேசினாங்க, பிரியாணி நல்லா இருந்துச்சு, பேசினது ஒண்ணும் வெளங்கலை. அது என்னண்ணே?

பிரியாணியாச்சும் நல்லா இருந்துச்சே தம்பி. தமிழ்ல அதை மீள்திறன்னு எழுதுறாங்க, மண்டியில நாங்க "தாக்குப்பிடிக்குமா"ன்னு கேப்போம், ரெண்டும் ஒண்ணுதான். காட்டுலேர்ந்து சாப்பிடுறவன் தட்டு வரைக்கும் எத்தனை கை மாறுது, அதுல ஒரு கை இல்லாமப் போனா சரக்கு நடுவழியில நிக்குமா, இல்ல வேற கை வழியாப் போய்ச் சேருமா, அம்புட்டுதான் விஷயம்.

நான் பார்த்ததைச் சொல்றேன். 2018 ஆகஸ்ட். அந்த வருஷம் ஓணம் 25ஆம் தேதி. எங்க மார்க்கெட்டுக்கு கேரளாதான் பெரிய வாடிக்கை, இன்னைக்கும் ஏத்துற லாரியில பெரும்பங்கு மேற்கேதான் போகும். ஓணத்தைக் கணக்குப் பண்ணியே மூணு மாசம் முன்னாடி புடலை, பூசணி, வெண்டை எல்லாம் போட்டு வச்சிருப்பாங்க, அவியலுக்கு ஓலனுக்கு அந்தப் பத்து நாள் அவனுக்கு எவ்வளவு அனுப்பினாலும் பத்தாது. அந்த நேரம் பார்த்து அங்க வெள்ளம். பாலக்காட்டு ரோட்டுல குதிரான்கிட்ட மண்ணு சரிஞ்சு வழி அடைச்சுக்கிச்சு, கம்பம் குமுளி வழியா விடலாம்னா இடுக்கிப் பக்கம் மலையே எறங்கி வருது. டிரைவர் ஒருத்தர் ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் பண்ணி "அண்ணே, முன்னாடி ரோடு இல்ல, தண்ணிதான் இருக்கு, பின்னாடி திருப்ப எடம் இல்ல, வெண்டைக்கா சூடேறுது"ன்னார். அந்த "சூடேறுது"ங்கிற வார்த்தை ஏத்துக்கூலிக்காரனுக்கும் தெரியும், மூட்டையில இறுக்கிக் கட்டின வெண்டைக்கா உள்ளுக்குள்ள வெந்து போகும், கையை விட்டா வெந்நியில விட்ட மாதிரி இருக்கும். ரோடு திறந்தாலும் அந்த லோடு குப்பைதான்.

இப்ப கவனிங்க. அன்னைக்கு நட்டம் எல்லாருக்கும்தான், ஆனா ஒரே அளவு இல்ல. கேரளாவுக்கு மட்டும் போற நீட்டுப் புடலை போட்டவங்க மொத்தமும் விட்டாங்க, ஏன்னா அந்த ரகத்தை இந்தப் பக்கம் கேக்க ஆளில்ல. பக்கத்துக் காட்டுக்காரர் ஒருத்தர் எப்பவும் வாரத்துல ஒரு நாள் மதுரைக்கும் ஒரு சின்ன லோடு அனுப்புவார், விலை கேரளா மாதிரி கிடைக்காது, நாங்களே அவரைக் கிண்டல் பண்ணியிருக்கோம், "என்ன மாமா மதுரையில பொண்ணு எடுக்கப் போறீங்களா"ன்னு. அந்த ரெண்டு வாரமும் அவருக்கு மதுரையில எடை போட ஆள் இருந்துச்சு, வியாபாரி போனை எடுத்தான், பாதி விலைக்காச்சும் சரக்கு போச்சு. புதுசா அன்னைக்குப் போய் நின்னவங்க லோடை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கலை. ரெண்டாவது ரோடுன்னு நான் சொல்றது அதைத்தான், தேவைப்படாத நாள்லயும் அதுல நடந்துட்டே இருக்கணும், இல்லாட்டி முள்ளு மொளைச்சிரும். அதுக்கு வருஷா வருஷம் கொஞ்சம் காசு போகும், போகத்தான் செய்யும்.

உங்க தக்காளிக்கு ஒண்ணு மட்டும் சொல்றேன். செங்காயா, அதாவது பாதி பழுத்ததுமே பறிச்சா நாலஞ்சு நாள் தாங்கும், வெளிமாநிலம் வரைக்கும் அனுப்பலாம். முழுப் பழமாப் பறிச்சா நாளைக்குள்ள வித்தாகணும். எல்லாத்தையும் பழமாவே பறிச்சு ஒரே மண்டியில 14 கிலோ பெட்டியா அடுக்கிட்டு நின்னீங்கன்னா ஏலத்துல அவன் சொல்றதுதான் விலை, உங்ககிட்ட நேரம் இல்லைன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். பறிக்கிற ஆளுங்ககிட்ட ரெண்டு கூடை குடுங்க, செங்காய் ஒண்ணுல பழம் ஒண்ணுல. கூலி கொஞ்சம் கூடும், ஆனா போற வழி ரெண்டாகும்.

சென்னை, மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி: 2023ல தக்காளி நூத்தம்பது ரூபாய்க்கு வாங்கினோம். இப்ப கொட்டுறாங்கன்னு போட்டோ போடுறீங்க. நடுவுல யார்தான் சாப்பிடுறாங்க?

நியாயமான கோவம்மா. ஆனா பாதிக் கோவம் தப்பான ஆள் மேல போகுது.

2023 ஜூலையில கர்நாடகா கோலார் மார்க்கெட்டுல 15 கிலோ பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டுச்சு. சென்னைக்கு வர்ற தக்காளியில பெரும்பங்கு கோலார், ஆந்திரா மதனப்பள்ளி, அப்புறம் நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம். ஒரே மழை, ஒரே வெயில், ஒரே வெள்ளை ஈ வந்தா எல்லா ஊருக்கும் ஒண்ணாத்தான் அடி விழும். அந்த வருஷம் கோடையில விலை அடிமாட்டு விலை, வெறுத்துப்போய் பாதிப் பேர் தக்காளியை விட்டுட்டாங்க, மிச்சம் இருந்ததுல எலை சுருட்டு வைரஸ், மேல மழை. நாத்து நட்டு காய் பறிக்க ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும்ல, அதனால விலை ஏறினதைப் பார்த்து இன்னைக்கு நட்டவனுக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் காய், அன்னைக்கு எல்லார் காயும் ஒண்ணா வந்து எறங்கும், விலை தரையைத் தொடும். அந்த செப்டம்பர்ல அதுதான் நடந்துச்சு. நூத்தம்பதும் குப்பைமேடும் ஒரே சக்கரத்துல மேலயும் கீழயும்தாம்மா.

நடுவுல யாருன்னா, 2024ல ரிசர்வ் வங்கி ஆய்வுத்தாள் ஒண்ணு கணக்குப் போட்டுச்சு, நீங்க தக்காளிக்குக் குடுக்கிற ஒரு ரூபாயில விவசாயிக்கு 33 காசு, வெங்காயத்துல 36, உருளைக்கிழங்குல 37. மிச்சம் எல்லாம் திருட்டுன்னு நெனைச்சிராதீங்க, அதுக்குள்ள லாரி வாடகை, ஏத்துக்கூலி, எறக்குக்கூலி, கமிஷன், அழுகினது, கடைக்காரர் வாடகை எல்லாம் இருக்கு. அதுல அழுகினதுங்கிறதைத்தான் நான் மொதல்ல கை வைப்பேன், அது யார் பையிலயும் போகலை, சும்மா மண்ணுக்குப் போகுது, ஆனா விலையில மட்டும் ஏறி உக்காந்துக்குது.

அந்த ஜூலையில சென்னையில 82 ரேஷன் கடையில கிலோ 60 ரூபாய்னு அரசு வித்துச்சு, ஞாபகம் இருக்கும். நல்ல காரியம்தான், ஆனா அது காய்ச்சலுக்கு நெத்தியில ஈரத்துணி போடுற மாதிரி. 2020 மே மாசம் இன்னொண்ணு பார்த்தோமே, கொரோனா பரவுதுன்னு கோயம்பேட்டை மூடினாங்க, சில நாள்ல திருமழிசையில தற்காலிக மார்க்கெட் போட்டாங்க, செப்டம்பர் 28 அன்னைக்குத்தான் கோயம்பேடு காய்கறி மார்க்கெட் திரும்பத் திறந்துச்சு. ஒரு ஊரோட சாப்பாடே ஒரே கேட் வழியா வருதுங்கிறது அன்னைக்குத்தான் பல பேருக்கு ஒறைச்சுச்சு. திருமழிசையில மழை பெஞ்சு சேத்துல லாரி சிக்குனப்ப நான் போன்லயே உக்காந்திருந்தேன், ஆனாலும் சொல்றேன், அந்தச் சேத்து மார்க்கெட் இல்லாட்டி பல வீட்டுல ரசம் கூட இல்ல.

நீங்க பண்ணக்கூடியது? தக்காளி நாப்பதைத் தாண்டினா புளிக்கு மாறுங்க. சிரிக்காதீங்க, நிஜமாவே சொல்றேன், எல்லா வீட்டுலயும் கால் கிலோ கொறைச்சா மேல ஏர்ற வேகம் அடங்கும்.

பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்: மூணு ஏக்கர் சின்ன வெங்காயம். பட்டறை (வெங்காயத்தைக் குவிச்சு சேத்து வைக்கிற கொட்டகை) போட்டு வைக்கவா, வயல்லயே வித்துரவா? ஒவ்வொரு வருஷமும் எது பண்ணாலும் தப்பாவே போகுது.

அந்தக் கடைசி வரியை வீட்டுல ஃப்ரேம் போட்டு மாட்டலாம்.

சின்ன வெங்காயக்காரங்களுக்கு ஒரு பெரிய கொடுப்பினை இருக்கு சார், தக்காளிக்காரனுக்கு இல்லாதது: உங்க சரக்கு காத்திருக்கும். பட்டறை நல்லா இருந்தா மூணு மாசம் தாராளமா இருக்கும். நல்லா இருந்தாங்கிறதுதான் விஷயம். போன வருஷம் ஒரு பட்டறையைப் பார்த்தேன், தரையோட தரையா கல்லு மேல பலகை, ஆளுயரத்துக்கு மேல குவிச்சிருக்காங்க, மேல தார்ப்பாய் இறுக்கி மூடியிருக்கு. பக்கத்துல போகும்போதே அழுகல் வாடை. கையை விட்டுப் பார்த்தா நடுவுல ஈரம், தோல் உரிஞ்சு மொளை விட்டிருக்கு. வெங்காயத்துக்கு அடியிலேர்ந்து காத்து வரணும், தரையிலேர்ந்து ஒண்ணு ரெண்டு அடி தூக்கிப் போடணும், அகலம் கொறைச்சலா நீளமா, மேல தென்னங்கீத்து, பக்கவாட்டுல மூங்கில் தட்டியோ கம்பி வலையோ. அதுக்கும் முன்னாடி, பிடுங்கின உடனே உள்ள போடக்கூடாது, தாளோட நெழல்ல ஆற விட்டு, கழுத்து நல்லாச் சுருங்கி மூடினதுக்கு அப்புறம் தாளை அறுக்கணும், கழுத்துல ஈரம் இருந்தா அதுதான் அழுகலுக்கு வாசப்படி. அடிபட்டது, ரெட்டைக் கழுத்து எல்லாம் அன்னைக்கே வித்துருங்க.

இப்ப விலை. நீங்க வானத்தை மட்டும் பார்த்தாப் பத்தாது, டெல்லியையும் பார்க்கணும். 2023 ஆகஸ்ட்ல வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டாங்க, டிசம்பர்ல ஏற்றுமதியே தடை, 2024 மே மாசம் தடையை எடுத்து மறுபடி 40 சதவீத வரி, செப்டம்பர்ல அது 20 ஆச்சு, 2025 ஏப்ரல் 1 அன்னைக்குத்தான் சுத்தமா எடுத்தாங்க. இது எல்லாம் மகாராஷ்டிரா பெரிய வெங்காயத்தை மனசுல வச்சுப் போட்ட உத்தரவு, ஆனா மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போற நம்ம சின்ன வெங்காயமும் அதே கயித்துல மாட்டுச்சு. பட்டறையில சரக்கை வச்சுட்டு ஒரு ராத்திரியில விலை பாதியாப் போனதை எத்தனை பேர் பார்த்தாங்க.

அதனால மொத்தமும் வைக்கிறதும் சூது, மொத்தமும் விக்கிறதும் சூது. கூலிக்கும் உரக்கடை பாக்கிக்கும் எவ்வளவு தேவையோ அவ்வளவு வயல்லயே வித்துருங்க, வித்த காசுல கடன் தீர்ந்துருச்சுன்னா மிச்சத்தை வச்சுட்டு நிம்மதியா தூங்கலாம், கடனோட வச்சிருக்கிறவன்தான் ரெண்டாவது வாரமே பயந்து விப்பான். விதைக்கு எடுக்கிறதைத் தனியா, வீட்டுக்குப் பக்கத்துல. ஏக்கருக்கு அறுநூறு கிலோ பக்கம் விதை வெங்காயம் வேணும்ல, விலை ஏறின வருஷம் அதை வாங்கப் போனாத்தான் தெரியும் வலி. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்து கோ 5 ரகத்தை விதையிலேர்ந்து நாத்து விட்டு நடலாம், ஏக்கருக்கு ஒரு கிலோ சொச்சம் விதை போதும், நாள் கொஞ்சம் கூட ஆகும். மூணு ஏக்கர்ல ஒரு அரை ஏக்கர் அப்படிப் போட்டுப் பாருங்களேன், விதைக்கும் ஒரு ரெண்டாவது வழி ஆச்சு.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்: சங்கிலி எண்டா சந்தைக்குப் போற வழி மட்டும்தானோ? எங்களுக்கு 2021ல உரம் நிண்டதோட எல்லாம் நிண்டு போச்சுது.

சரியான இடத்துல தொட்டீங்க ஐயா. நாங்க எப்பவும் வெளிய போற சங்கிலியையே பேசுறோம், காட்டுக்குள்ள வர்ற சங்கிலியை மறந்துடுறோம். 2021 மே மாசத்துல இலங்கை அரசாங்கத்துல ரசாயன உரம் இறக்குமதியை ஒரேயடியா நிறுத்தி, நவம்பர்ல பின்வாங்கினாங்க, ஆனா பயிர் உத்தரவைப் படிச்சுட்டு வளர்றதில்லையே, நெல்லும் தேயிலையும் விழுந்தது விழுந்ததுதான். இயற்கை உரம் கெட்டதுன்னு யாரும் சொல்லலை, அது வேணும்னா மாட்டுலேர்ந்து, தழையிலேர்ந்து, குப்பைக்குழியிலேர்ந்து வருஷக்கணக்குல சேர்க்கணும், பழைய கிணத்தை மூடிட்டு அப்புறம் புதுக் கிணறு வெட்ட ஆரம்பிச்ச கதை அது. கப்பல் உரம் பாதி, வீட்டு உரம் பாதின்னு இருந்த தோட்டக்காரங்க அந்தப் போகத்தை எப்படிக் கடந்தாங்கன்னு எழுதுங்க, அடுத்த இதழ்ல போடுறோம்.

தாராபுரத்திலிருந்து ஒரு உழவர் உற்பத்தியாளர் கம்பெனி இயக்குநர்: வேளாண் உட்கட்டமைப்பு நிதியில 2 கோடி வரைக்கும் கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் ஏழு வருஷத்துக்குக் கிடைக்குதாம். கோல்டு ஸ்டோரேஜ் கட்டலாமா?

கட்டடம் கட்ட மானியம் கிடைக்கும், கரண்ட் பில்லுக்கு யார் குடுப்பா? அதை மொதல்ல எழுதி வச்சுட்டு மத்ததைப் பேசுங்க.

கோல்டு ஸ்டோரேஜ்னா ஒரு ரூம் இல்ல. முருங்கைக்கு ஒரு குளிர், தக்காளிக்கு ஒரு குளிர், தக்காளியைப் பத்து டிகிரிக்குக் கீழ கொண்டு போய் ரொம்ப நாள் வச்சீங்கன்னா வெளிய எடுத்ததும் சொதசொதன்னு போகும், ருசியும் இருக்காது. புளி, மிளகாய் வத்தல் மாதிரி சரக்குல வருஷம் பூரா ரூம் நெறஞ்சு கெடக்கிற ஊர்ல அது ஓடும். வருஷத்துல ரெண்டு மாசம் மட்டும் சரக்கு வர்ற ஊர்ல பூட்டுத்தான் தொங்கும், நான் அப்படி ஒண்ணுல மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருக்கிறதைப் பார்த்தேன்.

நீங்க மொதல்ல பிளாஸ்டிக் கிரேட், அதான் காய் பெட்டி, ஆயிரம் ரெண்டாயிரம் எண்ணம் வாங்குங்க. வயலோரம் ஒரு தகரக் கொட்டகை, தண்ணி, தரம் பிரிக்க ஒரு மேடை. சாக்குல அமுக்கிக் கட்டி, மேல ஒருத்தன் ஏறி உக்காந்து வர்ற சரக்குக்கும் கிரேட்ல வர்றதுக்கும் மண்டியில எறக்கும்போதே வித்தியாசம் தெரியும். அப்புறம், மக்காச்சோளமோ நெல்லோ மஞ்சளோ வர்ற உறுப்பினர்ங்களுக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல பொருளீட்டுக் கடன் இருக்கே, சரக்கை 180 நாள் வரைக்கும் குடோன்ல வச்சு, மதிப்புல 75 சதவீதம் வரைக்கும் கடன் வாங்கலாம், அது எத்தனை பேருக்குத் தெரியும்னு உங்க அடுத்த கூட்டத்துல கையைத் தூக்கச் சொல்லுங்க. கட்டின குடோன் காலியா இருக்கும்போது புதுசா ஒண்ணு எதுக்கு?

கரூரிலிருந்து ஒரு வாசகர்: லாரி ஸ்ட்ரைக் வந்தா உங்க ஊரு என்னாகும்?

2018 ஜூலையில எட்டு நாள் வந்துச்சு. எங்க ஊரு மாடுங்க நல்லாச் சாப்பிட்டுச்சு.

கள்ளிமந்தயம் பக்கத்துலேர்ந்து ஒரு தங்கச்சி: எங்கப்பா இருபது வருஷமா ஒரே மண்டிக்குத்தான் காய் போடுறார். நூத்துக்குப் பத்து கமிஷன். நான் படிச்சிருக்கேன், வேற வழி பார்க்கலாம்னா "அவரு நம்ம வீட்டு மனுஷன்"னு திட்டுறார். எப்படிப் புரிய வைக்க?

மொதல்ல நீ புரிஞ்சுக்கணும் கண்ணு. உங்கப்பா கமிஷன் குடுக்கிறது காய் விக்கிறதுக்கு மட்டும் இல்ல. விதைக்குக் காசு இல்லாதப்ப முன்பணம், உன் காலேஜ் ஃபீஸ் கட்ட கடைசி நாள் சாயங்காலம் ஒரு கவர், யாருக்காச்சும் ஆஸ்பத்திரின்னா ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு போன், எந்த பேங்க் எடுக்கும் அந்த போனை? அந்த மனுஷன் உங்க வீட்டுக்கு இன்சூரன்ஸ். அதே நேரம் முன்பணம் வாங்கினவன் சரக்கை வேற எங்கயும் கொண்டு போக முடியாது, விலை ஏன் கொறைச்சலுன்னு குரலை ஒசத்திக் கேக்க முடியாது, அதுவும் நெசம். நான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தவன்கிறதால சொல்றேன், நாங்களே அதை நல்லாத் தெரிஞ்சுதான் குடுப்போம். அந்த மண்டிக்காரருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, கடையை மகன் எடுத்து நடத்தலைன்னா, உங்க வீட்டுக்கு மண்டியும் போச்சு பேங்கும் போச்சு, பயம் அங்கதான்.

அதனால வெட்டிக்கிட்டு வரச் சொல்லாதே. அஞ்சுல ஒரு பங்கை மட்டும் உழவர் சந்தைக்குக் கொண்டு போங்க. 1999 நவம்பர் 14 அன்னைக்கு மதுரையில ஆரம்பிச்சது, இருபத்தஞ்சு வருஷம் தாண்டியும் நிக்குது, கமிஷன் கிடையாது, தராசு அவங்களே குடுப்பாங்க. விவசாயி அடையாள அட்டை வேணும், என்ன பயிர் எவ்வளவு நிலம்னு சரிபார்த்துத்தான் குடுப்பாங்க, அதுக்கு அலையுறது உன் வேலை, படிச்ச பொண்ணுல்ல. கத்தரிக்காயை விட கீரை, பச்சமொளகாய், அவரைன்னு சின்னச் சின்னதா நாலு தினுசு கொண்டு போனா சீக்கிரம் காலியாகும். அப்பாவுக்கு நின்னு சில்லறையா விக்கிறது கூச்சமா இருக்கும், மொத ரெண்டு தடவை நீ தராசைப் பிடி.

மண்டிக்காரர்கிட்ட அப்பாவே போய்ச் சொல்லிரட்டும், மறைச்சாத்தான் சண்டை வரும், சொன்னா ஒரு நாள் மொறைப்பார், அவ்வளவுதான். ஒட்டன்சத்திரத்துல சனிக்கிழமை மார்க்கெட் லீவுதானே, பேச்சை எடுக்க அதுதான் நல்ல நாள். அன்னைக்கே விடிய மூணு மணிக்கு உழவர் சந்தைக்குப் போக அப்பாவை எழுப்பி வண்டியில உக்கார வை, போற வழியில டீ வாங்கிக் குடு.